மூணு கோடு, பன்னெண்டு வார்டு

அந்தச் சேர்ல உக்காராதீங்க மேடம், கால் ஆடும். இப்படி ஃபேனுக்கு அடியில வாங்க. டீ வேண்டாமுன்னா மோராச்சும் குடிங்க. அதுவும் வேண்டாமா? சரிங்க, சரிங்க. விசாரணைக்கு வந்த ஆபீசரு ஒரு கட்சிக்காரன் ஊட்டுல கை நனைக்கக் கூடாது, அது சட்டம். நானும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்தானுங்க. அதைச் சொல்லறதுக்குத்தான் உங்களை இத்தன தூரம் வரச் சொன்னது.

நாளைக்குக் கல்யாண மண்டபத்துல உங்க கூட்டம். வார்டையெல்லாம் கலைச்சுப்போட்டு, தலையை எண்ணித் திருப்பிப் பிரிக்கோணுமின்னு மேக்கால இருந்து ஒரு மனு வந்திருக்குது. மனுவுல மொதக் கையெழுத்துப் போட்டிருக்கறவளைப் பத்தி உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா? சொல்லலையா? நல்லதாப் போச்சு. அது என்ற சம்சாரமுங்க. தெய்வாத்தா.

ஏனுங்க பேனாவைக் கீழ வெச்சுட்டீங்க? எழுதிக்குங்க. எழுதறதுக்குத்தான் சொல்றேன். அடுத்தவங்க சொல்லி நீங்க கேக்கறதை விட நானே சொல்லிப்போடறது மேல்.

என்ற பேரு சென்னியப்பன். பேரூராட்சித் துணைத்தலைவர். ரெண்டாவது வார்டு. தறி முப்பத்தாறு ஓடுது, நூல் யாவாரமும் உண்டு. இந்த ஊரு பேரூராட்சி ஆனப்ப இருந்து நான் இந்த வார்டுதான். ஒருக்காலும் தோத்ததில்லைங்க.

மொதல்ல இது மூணு ஊரு. கிழக்க நம்ம கருக்கம்பாளையம், தறி மொதலாளிமாரு ஊடு, குடோனு எல்லாம் இங்கதான். வடக்க மோளக்காடு, அங்க தோட்டம் காடு வெச்சிருக்கற வெவசாயிங்க. மேக்க மேட்டு லைன். லைனுன்னா லைன் வீடுங்க, தறி ஓட்டறவங்க, தறிக்குப் பாவு நூல் போடறவங்க, சாயப்பட்டறைக்குப் போறவங்க எல்லாம் வாடகைக்கு இருக்கற இடம். மூணும் மூணு தாலூகாவோட மூலையில கெடந்துதுங்க. அதனால போன் லைனும் மூணு டவுன்ல இருந்து வந்துச்சு. நெம்பருக்கு முன்னால சுத்தற எஸ்.டி.டி. கோடும் மூணு. என்ற தம்பி மோளக்காட்டுல இருந்தான். இந்த வாசல்ல நின்னு சத்தம் போட்டா அவன் வந்துருவான். போன்ல கூப்பிட்டா எஸ்.டி.டி. சார்ஜு! வெளியூர்க்காரங்க கேட்டா சிரிப்பாங்க.

மூணையும் ஒண்ணாச் சேத்து பேரூராட்சி ஆக்கிப்போட்டு, பன்னெண்டு வார்டு பிரிச்சு அனுப்புன்னு மேல இருந்து உத்தரவு. அப்ப இருந்த செயல் அலுவலர் பரசுராமன்னு ஒருத்தரு. நல்ல மனுசன், ஆனா பயந்த சுபாவம். அவரு எப்படிப் பிரிச்சாலும் நாலு பேரு வந்து மேசையத் தட்டுனாங்க. என்ற வீதிய ஏன் வெட்டுன, அவன் தெருவ ஏன் இதுல சேத்துனன்னு. ஒருத்தன் மேப்பையே கிழிச்சுப்போட்டான். மனுசனுக்குச் சோறு எறங்கல.

ஒரு நாள் இங்க வந்து, இந்தப் பெஞ்சுலதான் உக்காந்து அழுவாத கொறையாச் சொன்னாரு. நான் கேட்டேன், "ஏனுங்க சார், கோடு ஏற்கெனவே போட்டுத்தானே இருக்குது?"ன்னு.

"எந்தக் கோடு?"

"டெலிபோன் கோடுங்க. மத்திய சர்க்கார் போட்டது. நீங்களும் போடலை, நானும் போடலை. மூணு கோடு, பன்னெண்டு வார்டு. கோட்டுக்கு நாலு. யாரு வந்து உங்க மேசையத் தட்டுவான்?"

அவரு மூஞ்சி அப்படியே தெளிஞ்சுதுங்க. எந்திரிச்சு என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு.

இதுல என்ன தப்பு, சொல்லுங்க. ஆளுக்குச் சமமாப் பங்கு. அண்ணந்தம்பி மூணு பேரு சொத்துப் பிரிச்சா எத்தன புள்ளைங்கன்னா பாப்பாங்க? மூணு பங்குதானே வெப்பாங்க?

மேட்டு லைன்ல ஆளு அதிகமுன்னு மனுவுல எழுதியிருக்குது. இருக்குமுங்க. நம்ம ரெண்டு பக்கமும் சேத்து எண்ணினாலும் அதுல பாதி வராதும்பாங்க. அது அவிய புள்ள பெத்துக்கறது, வெளியூர்ல இருந்து வந்து குடியேர்றது. அதுக்கு நான் என்ன பண்றது?

அன்னிக்கே ஒருத்தி கேட்டா. நாகமணி. என்ற தறிக்குடோன்ல பாவு போட்டுட்டு இருந்தவ. புருசன் இல்லாதவ, வாய் கொஞ்சம் அதிகம். ஆபீசு வாசல்ல நின்னுக்கிட்டு, "மொதலாளி, எங்க பக்கம் டீக்கடையில ஒரு போன்தான் இருக்குது. போனே இல்லாத ஊருக்குப் போன் கோடு எதுக்குங்க?"ன்னா.

"கம்பம் நட்டிருக்குதல்ல? அப்ப கோடு இருக்குது."

"எங்க லைன்ல ஒரு ரூமுக்குள்ள ஒம்பது பேரு படுக்கறோம். உங்க பக்கம் ஒம்பது குடோனுக்கு ஒரு காவக்காரன் படுக்கறான். ரெண்டும் ஒண்ணுங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சனுங்க. நல்லாப் பேசுவா.

எலெக்சன் வந்துச்சு. என்ற வார்டுல எனக்கு நூத்திச் சில்லறை ஓட்டு, எதுத்து நின்னவனுக்கு அதுல பாதி. மேட்டு லைன்ல ஒரு வார்டுன்னா ஆயிரத்துக்கு மேல வாங்கினாத்தான் ஜெயிக்க முடியும். ஆயிரம் வாங்கினாலும் ஒரு நாற்காலி, நூறு வாங்கினாலும் ஒரு நாற்காலி. ஜெயிச்சா ஜெயிச்சதுதானுங்களே.

தலைவர் பதவி மட்டும் ஊரே சேந்து போடற ஓட்டு. அந்தத் தடவை பொம்பளைக்குன்னு ஒதுக்கிட்டாங்க. நாகமணி நின்னா, ஜெயிச்சுட்டா. நேத்து வரைக்கும் என்ற குடோன்ல பாவு போட்டவளுக்கு நான் மாலை போட்டேன். போட்டனுங்க, இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா தலைவி ஒண்ணும் தனியாப் பண்ண முடியாதுங்களே. தீர்மானம் வேணும், தீர்மானத்துக்குக் கை தூக்கோணும். கிழக்கு நாலு, வடக்கு நாலு, எட்டு. மேக்க நாலு. எப்பத் தூக்கினாலும் எட்டுக்கு நாலுதான். நான் துணைத்தலைவர் ஆனதும் அப்படித்தான்.

தண்ணி வந்த கதையச் சொல்றேன். அதுலதான் எல்லாம் கெட்டுச்சு.

ஆத்துத் தண்ணித் திட்டம் நம்ம ஊருக்கும் வந்துது. பெரிய டேங்க் எங்க கட்டறதுன்னு கேட்டாங்க. கிழக்கேன்னு தீர்மானம், எட்டுக்கு நாலு. தண்ணிய எப்படிப் பிரிக்கறதுன்னு கேட்டாங்க. நான் அநியாயம் பண்ணுனவனா இருந்தா நமக்கே வெச்சுக்கச் சொல்லியிருப்பேன். சொல்லலைங்க. கோட்டுக்கு ஒரு நாளுன்னேன். ஒரு நாள் கிழக்க, ஒரு நாள் வடக்க, ஒரு நாள் மேக்க. எடை போட்ட மாதிரி சமம்.

அந்தக் கோடை கடுமையுங்க. போர்க்கொழாயில எல்லாம் காத்துதான் வந்துது. மேட்டு லைன்ல ஒரு நாள் உடற தண்ணி, பாதி லைன் போறதுக்குள்ள நின்னுரும். பொம்பளைங்க அடிச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கடைசி லைன்காரங்க பள்ளத்துல ஊத்துத் தோண்டி மோந்தாங்க. சாயப்பட்டறைத் தண்ணி போற பள்ளமுங்க அது. மோந்தா என்ன ஆவும்? வயித்தால போவ ஆரம்பிச்சுது. ஒரு புள்ள செத்துப்போச்சு. மூணு வயசோ நாலு வயசோ. தண்ணியாலதான்னு எந்த டாக்டரும் எழுதிக் குடுக்கலைங்க, அதையும் நீங்க எழுதிக்குங்க.

அந்தப் புள்ளையோட ஆத்தா எங்க ஊட்டுல பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தவ. தெய்வாத்தா சாவுக்குப் போனா. போயிட்டு வந்து குளிச்சா. குளிச்சுட்டு ரொம்ப நேரம் பாத்ரூம் கொழாயத் திறந்து திறந்து மூடிட்டு இருந்தா. நான் சத்தம் போட்டேன், தண்ணிய வீணாக்காதேன்னு.

அந்த வாரம் கூட்டத்துல நாகமணி எந்திரிச்சு நின்னா. தலைவி உக்காந்தே பேசலாம். நின்னுட்டுப் பேசினா. "எங்களுக்கு இன்னொரு நாள் குடுங்க. கிழக்குல இருந்து ஒரு நாள் வேண்டாம், அரை நாள் குடுங்க"ன்னா. ஓட்டுக்கு விட்டோம். எட்டுக்கு நாலு.

அவளோட நாலு மெம்பரையும் கூட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டா.

அடுத்த நாள் கிழக்கு மொறை. பகல்ல சாப்பிட உக்காந்தேன். தண்ணி திருப்பிவிடற பிட்டர் ஓடி வந்தான், மூச்சு வாங்குது. "பொம்பளைங்க வால்வு ரூமைச் சுத்தி உக்காந்துட்டாங்க. மேக்கால வால்வைத் தொறந்துட்டாங்க. சாவிய மட்டும் நான் புடுங்கிட்டு வந்தேன்"னு என்ற கையில குடுத்தான். வால்வு திருப்பற சாவி, நம்ம இடுப்பு உசரம் இருக்கும், இரும்பு.

தெய்வா, சோத்தை மூடி வையின்னு சொன்னேன். ஊட்டுல ஆளு இல்லைங்க.

போன் எடுத்து நூறைச் சுத்தினேன். இங்க சுத்தினா கிழக்கு டவுன் போலீசுக்குத்தான் போவும். "வால்வு ரூம் எங்க இருக்குது?"ன்னாங்க. மேட்டு லைன் முக்குலன்னேன். "அது எங்க எல்லை இல்லீங்க, அந்தக் கோட்டுல இருந்து கூப்பிடுங்க"ன்னு வெச்சுட்டாங்க. அந்தக் கோட்டுல போனு டீக்கடையில ஒண்ணுதான். டீக்கடையைப் பூட்டிப்போட்டு அவனும் அந்தக் கூட்டத்துல நிக்கறான். என்ன பண்றது? டிரைவரைக் கார் எடுத்துக்கிட்டு மேக்கு டவுன் ஸ்டேசனுக்கே தொரத்திவிட்டுட்டு, சாவியத் தோள்ல வெச்சுக்கிட்டு நான் நடந்தேன். ஒத்தையில. பின்னால வர்றேன்னு சொன்ன மெம்பருங்க ஒருத்தனும் வரலை.

இருநூறு பொம்பளைங்க இருப்பாங்க. நான் போனதும் சத்தம் நின்னு போச்சு. குடத்துல தண்ணி உழுவற சத்தம் மட்டும் கேக்குது. அவிய யாரும் என்னையத் தொடலைங்க, திட்டலை. வழியும் விடலை. நாகமணி வால்வு ரூம் கதவுல சாஞ்சு உக்காந்திருக்கா. அவளுக்குப் பக்கத்துல, வால்வுக்குழி மேல கல்லைப் போட்டு அதுமேல தெய்வாத்தா உக்காந்திருக்கா. கல்யாணத்துக்குக் கட்டிக்கிட்டுப் போற பட்டுச்சீலை கட்டியிருந்தா. ஏன் அதைக் கட்டினான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியலைங்க.

"எந்திரி தெய்வா. ஊட்டுக்குப் போ"ன்னேன்.

"கடைசி லைனுக்குத் தண்ணி போயிட்டுதுன்னா வந்துர்றனுங்க."

"இன்னிக்கு நம்ம கோட்டு நாளு."

"நம்ம தொட்டி காலையிலயே நெறைஞ்சுதுங்க. வழிஞ்சு வாழைக்குப் போவுது. வந்து பாருங்க."

"வாழைக்குப் போவுட்டும், ரோட்டுக்குப் போவுட்டும். அது தீர்மானம் போட்டது."

"அந்தப் புள்ளையத் தூக்கிட்டுப் போனாங்களே, அப்ப நீங்க எங்கீங்க இருந்தீங்க?"

"கூட்டத்துல இருந்தேன்."

"என்ன கூட்டமுங்க?"

இருநூறு பேருக்கு முன்னால ஒருத்தி புருசனைக் கேள்வி கேக்கறா. இரும்புச் சாவி கையில இருக்குது. வேற ஆம்பளையா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? நான் கையக்கூட ஓங்கலைங்க. அங்கயே நின்னேன். வெயிலு மண்டையப் பொளக்குது. அவ அந்தப் பொம்பளைங்ககிட்ட ஒரு சொம்புத் தண்ணி வாங்கி என்ற பக்கம் நீட்டினா. நான் வாங்கலை. அது கிழக்குத் தண்ணி. திருட்டுத் தண்ணி.

போலீசு ஜீப்பு வந்துது, பின்னால வேனு. இன்ஸ்பெக்டரு என்னையத் தனியாக் கூப்பிட்டாரு. "ஏனுங்க, மொத வரிசையில இருக்கறது உங்க ஊட்டம்மாதானே? அவங்களை மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க. அப்பறம் நாங்க பாத்துக்கறோம்"னாரு. மரியாதை தெரிஞ்சவரு.

நான் திருப்பிப் போனேன். குனிஞ்சு, மெதுவாச் சொன்னேன், "தெய்வா, அடிக்கப் போறாங்க. வந்துரு"ன்னு.

"இவங்களையும் எந்திரிக்கச் சொல்லுங்க, அடிக்க மாட்டோம்னு அவரைச் சொல்லச் சொல்லுங்க. நானும் வந்துர்றேன்"னா.

வந்து இன்ஸ்பெக்டர்கிட்டச் சொன்னேன், "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க. உங்க வேலையப் பாருங்க"ன்னு.

மேடம், அப்படிச் சொன்ன மனுசன் இந்த ஜில்லாவுலயே வேற யாரும் இருக்க மாட்டான். தன்ற சம்சாரமுன்னு பாக்காத. பதவியில இருக்கறவன் அப்படித்தானே இருக்கோணும்? நீங்களே சொல்லுங்க.

நான் அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுட்டேன். அதனால எது எப்படி நடந்துதுன்னு நான் சாட்சி சொல்ல முடியாது. சத்தம் கேட்டுது. குடம் உருள்ற சத்தம். நாகமணி அவ பேரைச் சொல்லிக் கத்துன சத்தம். திரும்பிப் பாத்தப்ப வால்வை மூடியாச்சு. ரோடெல்லாம் ஈரம். தெய்வாத்தா வலது கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மணிக்கட்டுக்கு மேல கை வேற பக்கம் பாத்துது.

ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்குல காப்பி கொண்டுக்கிட்டுப் போனேன். நாகமணி பக்கத்துல உக்காந்து ரொட்டியப் பால்ல தொட்டு ஊட்டிட்டு இருந்தா. என்னையப் பாத்து எந்திரிச்சு வெளிய போயிட்டா. தெய்வாத்தா, "வழுக்கி உழுந்துட்டேன்னு எழுதச் சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க"ன்னா.

எனக்கென்ன பயம்? "டாக்டர் விட்டதும் கார் அனுப்பறேன்"னு சொன்னேன். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. காப்பிய ஸ்டூல்ல வெச்சுட்டு வந்தேன்.

கார் அனுப்பினேன். கார் காலியா வந்துது. மேட்டு லைன்ல கடைசி லைன்ல ஒரு ரூம் எடுத்துட்டாளாம். பையன் பெங்களூர்ல இருக்கறான், அங்க போயிருந்தாலாச்சும் ஒரு கௌரவம். கை சரியானா வந்துருவான்னு நெனச்சேன். கை சரியாயிருச்சு.

அப்பறம் கலெக்டரு வந்தாரு, பத்திரிகைக்காரங்க வந்தாங்க. தண்ணிய இனித் தலைக்கணக்குக்குத்தான் விடோணுமின்னு உத்தரவு போட்டுட்டாங்க. என்ற வாழை காஞ்சுது. ஆனா வார்டைத் தொடலைங்க. அது கெஜட்ல ஏறிப்போச்சு.

அடுத்த எலெக்சன்ல நாகமணி நிக்கலை, ஒடம்பு முடியலை. ஒன்பதாவது வார்டுல தெய்வாத்தா நின்னா. ஓட்டு எத்தனைன்னு கேக்காதீங்க. என்ற வார்டுல மொத்த ஓட்டும் அதுல கால்வாசி வராது.

மொதக் கூட்டத்துக்கு அவ வந்தா. தலைவர் பேருக்குத்தான், கூட்டம் நடத்தறது துணைத்தலைவர் நான், மேடை மேல. அவ கீழ மூணாவது வரிசை. எந்திரிச்சு, "துணைத்தலைவர் அவர்களே"ன்னா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ என்னைய "ஏனுங்க"ன்னு கூப்பிட்டுத்தான் பழக்கம். "ஒன்பதாவது வார்டு உறுப்பினர் பேசலாம்"னேன். சாக்கடை பத்திப் பேசினா. நல்லாத்தான் பேசினா.

அதுல இருந்து மாசம் ஒருக்கா கூட்டம். வெளிய பாத்தா பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். கூட்டத்துல பேசித்தானே ஆவோணும்? அவ கேள்வி கேக்கறதும் நான் பதில் சொல்றதும். தெருவிளக்கு, சாக்கடை, நாய் தொல்லை. ஒரு கூட்டம் அவ வரலைன்னா அந்த மாசம் ஒரு வேலையும் ஓடாதுங்க, மெம்பருங்க அத்தன பேரும் தூங்குவானுங்க. ஒரு தடவை பேசறப்ப ரொம்ப இருமினா. சளி புடிச்சா அவளுக்கு நெஞ்சுல கட்டிக்கும், எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துல நான் ஒரு தீர்மானம் கொண்டாந்தேன், உறுப்பினர்களுக்குக் கூட்ட அரங்குல சுடுதண்ணி வெக்கோணுமின்னு. பன்னெண்டு பேரும் கை தூக்கினாங்க. இந்தப் பேரூராட்சியில பன்னெண்டு பேரும் சேந்து தூக்கினது அது ஒண்ணுதான். அவளும் தூக்கினா. அந்தக் கை முழுசா மேல வர்றதில்லைங்க. தோளோட நிக்கும்.

இப்பப் பாருங்க, ஒருத்தர் ஊட்டுலயும் அந்த மேசைப் போன் கெடையாது. கம்பத்தையெல்லாம் பழைய இரும்புக்காரன் கொண்டுக்கிட்டுப் போயிட்டான். லைன்காரப் பசங்க எல்லார் கையிலயும் செல்லு. கோடு எங்கடான்னு கேட்டு மனு போட்டிருக்காங்க. கோடு இல்லைன்னா என்னங்க, வார்டு இருக்குதே? இத்தன வருசம் ஒழுங்கா நடந்ததை எதுக்குக் கலைக்கோணும்? அதுதான் நான் சொல்ல வந்தது.

அந்தப் புது மேப்பு உங்க பையில இருக்குதுங்களா? சும்மா பாக்கறதுக்கு. தொட மாட்டேன், நீங்களே புடிச்சுக்குங்க. இந்த வீதி எங்க வருது? இது கோயிலு, இது என்ற குடோனு... ஆளு கம்மின்னு கிழக்கு மொத்தத்தையும் கொண்டுபோய் மேட்டு லைனோட சேத்துட்டீங்களா? என்ன நெம்பருங்க அது? எனக்குக் கண்ணாடி இல்லை, நீங்களே படிங்க.

ஒன்பதுங்களா?

அது அவ வார்டு.

அப்ப அவளும் நானும் ஒரே வார்டு. எதுத்து நின்னா எனக்கு டெபாசிட் கெடைக்காது, அது எனக்குத் தெரியுமுங்க. அதைச் சொல்லலை. ஒரு வார்டுக்கு ஒருத்தருக்குத்தானுங்களே நாற்காலி? வேற வழி ஒண்ணும் இல்லீங்களா, உங்க சட்டத்துல?

நீங்க எந்திரிக்கறீங்க. சரி, நேரமாச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க மேடம். அப்பறம் மாசாமாசம் நான் எங்கீங்க போறது?